செடிக்கு குளிருதுங்க, உரம் கேக்கல

கேள்வி: சார், நாங்க கோத்தகிரி பக்கம். அக்டோபர்ல குடைமிளகாய் நாத்து நட்டேன், ரெண்டு மாசம் ஆகியும் ஒரு சாண் உயரத்துலயே நிக்குது, இலையடி ஊதாவா மாறிடுச்சு, பூவெல்லாம் உதிருது, பிடிச்ச நாலஞ்சு காயும் சப்பையா இருக்கு. யூரியா கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?
– வாசகி, நீலகிரி

பதில்: வேண்டாம்மா, தயவுசெஞ்சு யூரியா வைக்காதீங்க. அந்த சப்பைக் காய் ஒண்ணை பறிச்சு குறுக்கா வெட்டிப் பாருங்க, உள்ள விதையே இருக்காது, இருந்தாலும் ஏழெட்டு தான் இருக்கும். ராத்திரி 15 டிகிரிக்கு கீழ போனா மகரந்தம் சரியா வேலை செய்யாது, விதை பிடிக்காத காய் அதுக்கு மேல பெருக்காது, அவ்ளோதான் விஷயம். இலை ஊதா ஆகுறதும் அதே குளிரால தான், மண்ணு சில்லுன்னு கெடந்தா வேரு மணிச்சத்தை (பாஸ்பரஸை) இழுக்காது, அதுவும் நம்ம மலை மண்ணு புளிப்பு மண்ணு வேற, அதனால மண் பரிசோதனை பண்ணிட்டு, புளிப்பைக் குறைக்கிற டோலமைட் சுண்ணாம்புத் தூள் போடுங்க.

முதல்ல மண்ணை சூடாக்குங்க. முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி, அது மேல மண்ணை மூடுற கருப்பு மல்ச்சிங் ஷீட், அதுக்கு மேல கம்பியை வில்லு மாதிரி வளைச்சு பாலித்தீன் போட்டு சாயங்காலம் வெயில் இறங்குறதுக்கு முன்னாடியே மூடிடுங்க, ஏன்னா பகல்ல மண்ணு வாங்குன சூட்டை தான் ராத்திரிக்கு சேமிக்கிறோம். காலைல வெயில் ஏறினதும் மறக்காம திறந்துடணும், உள்ள 32 டிகிரி தாண்டினா அப்பவும் பூ கொட்டிடும். தண்ணி காலைல மட்டும் விடுங்க.

முதல் கிளை பிரியுற இடத்துல வர்ற மொத பூவை கிள்ளிடுங்க. மனசு வராது, ஆனா செடி சின்னதா இருக்கறப்போ அந்த ஒரு காய் மொத்த வளர்ச்சியையும் நிறுத்திடும். காயை பச்சையிலயே பறிங்க, சிவப்பாகட்டும்னு விட்டா இன்னும் மூணு நாலு வாரம் ஆகும், அதுவரைக்கும் அடுத்த பிஞ்சு சரியா வராது.

அடுத்த தடவை ஜனவரி கடைசில குழித்தட்டுல விதைச்சு வீட்டுக்குள்ள அடுப்பங்கரை பக்கம் வைங்க, 25 டிகிரி சூடு இருந்தா பத்து நாள்ல முளைக்கும், 15ல மூணு வாரம் இழுக்கும். நடவு உறைபனி போனதுக்கு அப்புறம். இப்ப இருக்கற செடியை பிடுங்கிடாதீங்க, மூடி மட்டும் காப்பாத்துங்க, மார்ச்ல துளிர் விடும்.