தலையீத்திலேயே கன்றை இழந்த காங்கேயம் மாடு: மடியை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் காங்கேயம் மாட்டுக்கு மூன்றரை வயது. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்னும் பெரிய உடல் வெளிநாட்டு இனம்) சினை ஊசியில் சினை நின்று, நாள் முடிந்து தலையீத்து. கன்று பெரிது, கயிறு கட்டி இழுத்துத்தான் எடுத்தோம், செத்தே பிறந்தது. இன்றோடு மூன்று நாள். மடி கல்லாக இருக்கிறது, கறக்க விடுவதில்லை, ஓயாமல் கத்துகிறது. விற்றுவிடச் சொல்கிறார்கள். (தாராபுரம் பக்கத்திலிருந்து)

பதில்: விற்க அவசரம் வேண்டாம். மடிக்கு முன்னால் கருப்பையைக் கவனியுங்கள். இழுத்து எடுத்த ஈற்றில் அங்கே புண்ணாகிச் சீழ் பிடிப்பது சகஜம். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். இன்னும் தொங்கினால் கையை விட்டுப் பிடுங்காதீர்கள், கல்லும் கட்டாதீர்கள். பாதி அறுந்து உள்ளே அழுகும். காலை, மாலை காய்ச்சல் பாருங்கள். 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, நாற்றத்தோடு தண்ணீராகச் சிவப்புக் கழிவு வந்தாலோ, தீனி நின்றாலோ அன்றே மருத்துவர் வர வேண்டும், கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழைக்கலாம். நாற்றமில்லாத பழுப்புச் சளி இரண்டு வாரம் வரை வரும், பயப்பட வேண்டாம்.

இனி மடி. கன்று முட்டாமல் காங்கேயம் மாடு லேசில் பால் இறக்காது. வேறு கன்றை ஊட்ட விடலாம், அல்லது முழுதாக வற்ற விடலாம். இரண்டும் இல்லாமல் தினமும் கொஞ்சம் பீய்ச்சி மடியைத் தளர்த்துவதுதான் கெடுதல்: பால் சுரந்துகொண்டே இருக்கும், மிச்சம் தேங்கி மடிநோய் வரும். பால் இறங்க ஆக்சிடோசின் ஊசி போடச் சொல்வார்கள், பழக்கமாக்காதீர்கள்.

செத்த கன்றின் தோலைப் போர்த்தி வேறு கன்றைப் பழக்குவது அன்றே செய்ய வேண்டியது, இப்போது காலம் கடந்துவிட்டது. ஆனாலும் சீம்பால் குடித்த, கழிச்சல் இல்லாத, இரண்டு வாரத்துக்கு உட்பட்ட கன்று கிடைத்தால் முயலலாம். பால் பண்ணைகளில் காளைக்கன்றை எளிதாகத் தருவார்கள். இவளுடைய பாலையே அதன் முதுகிலும் வாலடியிலும் தடவி, மாட்டைக் கட்டிவைத்து நாளுக்கு மூன்று முறை ஊட்ட விடுங்கள். மாடு தானாக நக்கத் தொடங்கும்வரை கன்றை அதனிடம் தனியே விடாதீர்கள். தலையீத்து மாடு உதைக்கும், முட்டும்.

கன்று கிடைக்காவிட்டால் கறப்பதை அடியோடு நிறுத்துங்கள். நான்கைந்து நாள் தவிடு, புண்ணாக்கு வேண்டாம், சோளத்தட்டு மட்டும் போதும். தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் தவறு. மடி இன்னும் ஓரிரு நாள் விறைத்து நிற்கும். அந்த அழுத்தமே சுரப்பை நிறுத்தும், பத்து நாளில் வற்றிவிடும். ஒரு காம்புப் பக்கம் மட்டும் சுட்டு வீங்கினாலோ, பாலில் திரிதிரியாக வந்தாலோ அது மடிநோய். அந்தப் பக்கத்தை மட்டும் முழுதாகக் கறந்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கத்தல் சில நாளில் தானே அடங்கும்.

மடி வற்றியதும் தீனியைக் கூட்டுங்கள். இவள் இன்னும் வளரும் மாடு: தட்டோடு ஒரு கிலோ அடர்தீவனம், 30 கிராம் தாது உப்புக் கலவை. கன்று ஊட்டாததால் ஒரு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். அதை விட்டுவிடுங்கள், 60 நாளுக்குப் பிறகு கருப்பையைச் சோதித்துவிட்டு சினை ஊசி போடலாம். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில்.

அடுத்த முறை காங்கேயம் காளையின் ஊசியே கேளுங்கள். சிறிய இடுப்புள்ள தலையீத்து மாட்டுக்கு எச்.எஃப். ஊசி போட்டதுதான் இந்தக் கன்று போனதற்குப் பெரும்பாலும் காரணம். நாள் நிறைந்த பெரிய கன்று என்பதால் இங்கே கருச்சிதைவு நோய்க்கு வாய்ப்பு குறைவு, ஆனால் அந்நோயில் நாள் நிறைந்தும் கன்று செத்துப் பிறக்கலாம் என்பதால் முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆறு, ஏழு மாதத்தில் விழுந்திருந்தால் கதை வேறு: கையுறை இல்லாமல் தொடாமல், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்து, மாட்டின் ரத்தத்தைப் புருசெல்லா (கருச்சிதைவு நோய்க் கிருமி) சோதனைக்குக் கொடுத்திருக்க வேண்டும்.