பயர் மெயிலில் ‘ரன்’ வந்தால் ஓடுவதல்ல

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைக் கவனித்து பயரோடு பேசும் வேலை) சேர்ந்திருக்கிறேன். சாம்பிள் பார்த்த பயர், அதாவது சரக்கு வாங்குபவர், ஒரே மெயிலில் ‘தி ரெட் ரன்ஸ்’, ‘தி ஸ்டைல் ரன்ஸ் ஸ்மால்’, ‘ரன் இட் பை அஸ்’ என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்த ரன், ஓடுவது மட்டும்தான். எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: பயப்படாதீங்க அம்மணி. எதைப் பற்றிச் சொல்கிறார், ரன்னுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

முதலில் சிவப்பைக் கவனியுங்கள், அதுதான் அவசரம். துவைக்கும்போது சாயம் கசிந்து பக்கத்துத் துணியில் ஒட்டுகிறது என்கிறார். நாம் ‘சாயம் போகுது’ என்று சொல்லிவிடுவோம். நிறம் வெளுத்தாலும் அதே பேச்சுதான். ஆங்கிலத்தில் வெளுப்பது ‘ஃபேட்’, கசிந்து ஒட்டுவது ‘ரன்’. இதை மாற்றிப் புரிந்துகொண்டு டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டால் வேலையே தப்பாகிவிடும். ரியாக்டிவ் சாயம் போட்ட காட்டனில், துணியில் பிடிக்காமல் மிச்சமிருக்கும் சாயம் சோப்பிங்கில் (சாயம் போட்டபின் சோப்புத் தண்ணீரில் அலசுவது) சரியாக அலசப்படாவிட்டால் இப்படிக் கசியும். ஆகவே மறுபடி சோப்பிங் போடச் சொல்லி, ஐஎஸ்ஓ 105-சி06 வாஷ் டெஸ்ட் கேளுங்கள். சாயத்துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் துவைத்து, ஒட்டிய கறையை கிரே ஸ்கேல் என்ற சாம்பல் நிற ஒப்பீட்டு அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். 5 என்றால் கறையே இல்லை.

‘ரன்ஸ் ஸ்மால்’ என்றால் லேபிளில் உள்ள சைஸைவிடச் சின்னதாக இருக்கிறது. உடனே பேட்டர்னைப் பெரிசு பண்ணக் கிளம்பிவிடாதீர்கள். டேப்பை எடுத்து, மார்பளவையும் நீளத்தையும் பயர் கொடுத்த மெஷர்மென்ட் சார்ட்டோடு ஒப்பிட்டு அனுப்புங்கள். சார்ட்டில் உள்ள அளவே சின்னதாக இருந்தால் திருத்த வேண்டியவர் பயர்தான்.

‘ரன் இட் பை அஸ்’: செய்யும் முன் எங்களிடம் காட்டி ஓகே வாங்குங்கள். அவ்வளவுதான்.

நூல் பற்றி எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ‘ரன்னிங் ஷார்ட்’ என்றால் குறைந்துகொண்டு வருகிறது. ‘ரன் அவுட்’ என்றால் சுத்தமாகத் தீர்ந்துபோச்சு. பின்னதை எழுதினால் டெலிவரி தள்ளும் என்றே பயர் நினைப்பார்.

பதில் எழுதுகையில் நம்மூர்க்காரர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று: ‘வி ஹேவ் ரேன் தி டெஸ்ட்’. ரன், ரேன், ரன் என்றுதான் வரும். ‘வி ரேன் தி டெஸ்ட் எஸ்டர்டே’ சரி; ஹேவ் சேர்த்தால் ‘வி ஹேவ் ரன் தி டெஸ்ட்’.