"வெறும் ஆவிதானே டீச்சர்?" – வேப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம், தமிழ் வழிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். வேப், அதாவது இ-சிகரெட் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். யார் பெயரும் போடவில்லை.

பையன் பத்தாவது. பையில் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று கிடைத்தது, மாம்பழ வாசனை. கேட்டால் "இது சிகரெட் இல்லம்மா, வெறும் ஆவி" என்கிறான். நிஜமா டீச்சர்? (ஒரு அம்மா, கொழிஞ்சாம்பாறை)

அக்கா, அவன் உங்களை ஏமாற்றச் சொல்லியிருக்க மாட்டான். அவனே அப்படித்தான் நம்புகிறான். "நான் தம் அடிக்கிறதில்லை டீச்சர்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிற பிள்ளையின் பையிலேயே வேப் இருக்கும். புகை, சாம்பல், நாற்றம் மூன்றும் இருந்தால்தான் சிகரெட் என்பது அவர்கள் கணக்கு. ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாயில் அடக்குகிற புகையிலை என்றால் லோக்கல், வேப் என்றால் கெத்து. அந்த நினைப்பைத் தொடாமல் "புற்றுநோய் வரும்" என்று எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு அது வேறு யாருக்கோ சொல்வதாகத்தான் கேட்கும்.

அந்தக் கருவிக்குள்ளே ஒரு சின்ன பேட்டரி, மெல்லிய கம்பிச்சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சுத் திரி, அவ்வளவுதான் இருக்கிறது. இழுத்ததும் கம்பி சூடாகித் திரவம் நுண்துளிகளாக நுரையீரலுக்குள் போகும். அது நீராவி இல்லை. புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைக்கான ரசாயனங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் நிக்கோட்டின். சூட்டில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரி நச்சுகள் உண்டாகும். கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் கலக்கலாம். சிகரெட் புகையைவிட இதில் நச்சு குறைவு என்பதும் உண்மைதான். அதை அவனிடம் மறைக்காதீர்கள். நாளைக்கு ஒரு வீடியோவில் பார்த்துவிட்டால் நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பமாட்டான்.

எனக்குப் பெரிய கவலை, ஆளை அடிமையாக்குகிற நிக்கோட்டின்தான். ஜூல் என்கிற அமெரிக்க பிராண்டு வேப் கருவியில் 5 சதவீத நிக்கோட்டின் உள்ள ஒரு குப்பி, ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் உப்பு வடிவ நிக்கோட்டின், அது தொண்டையைக் காந்தாது. சிகரெட் என்றால் முதல் இழுப்பில் இருமி, வேண்டாம் என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். இதில் அந்தத் தடுப்பும் இல்லை.

இன்றைக்கு அடிக்காதீர்கள், சித்தப்பா மாமாவையெல்லாம் கூப்பிட்டுப் பஞ்சாயத்தும் வைக்காதீர்கள். எப்போதிலிருந்து, யார் கொடுத்தார்கள், காலையில் எழுந்ததும் தேடுகிறதா? இந்த மூன்றையும் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். மூன்றாவதுக்கு "ஆமாம்" என்றால் என்னிடம் கூட்டி வாருங்கள்.

அதில் நிக்கோட்டின் ஜீரோ என்று போட்டிருக்கிறது. சனி ஞாயிறு மட்டும்தான் இழுக்கிறேன். அடிமை ஆகிவிடுவேனா அக்கா? (பிளஸ் டூ, வண்டித்தாவளம்)

தம்பி, தடை செய்யப்பட்ட பொருளின் லேபிளை யார் சோதிக்கிறார்கள்? ஜீரோ என்று எழுதியிருந்தவற்றில் நிக்கோட்டின் இருந்ததை வெளிநாட்டுச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். யார் நிரப்பினார்கள் என்று தெரியாத திரவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் 2019-ல் நடந்தது போதும். 2020 பிப்ரவரிக்குள் வேப் இழுத்த 2,807 பேர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவங்கள், அதில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம். உன்னுடையதில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியாது, அதுதான் பிரச்சினை.

மூளை வளர்ந்து முடிய 25 வயது வரை ஆகும், அதற்குள் நிக்கோட்டின் பழகினால் பிடி இறுகும். அடுத்த இரண்டு சனி ஞாயிறு இழுக்காமல் இருந்து பார். எரிச்சல் வந்தாலோ, கை அதையே தேடினாலோ, உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வகுப்பில் பேசினால் "எல்லாரும்தான் பண்றாங்க சார்" என்கிறார்கள். என்ன சொல்வது? (ஆசிரியர், கோபாலபுரம்)

அந்த "எல்லாரும்" தப்பு என்று காட்டுங்கள் சார். வேப்புக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 2019-ல் 27.5 சதவீதம் பேர் பயன்படுத்தினார்கள், 2024-ல் அது 7.8 ஆகிவிட்டது. அதாவது அங்கேயே பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தொடுவதில்லை. அழுகிய நுரையீரல் படம் வேண்டாம், சிரித்துவிட்டுப் போவார்கள். அதைவிட, பீரியட் முடியும்வரை உட்கார முடியாமல் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறதே, அதைப் பேசுங்கள். அந்த வயதில் யாருக்கும் கட்டுப்பட்டிருப்பது பிடிக்காது.

கேரளாவில்தான் தடை, பொள்ளாச்சிப் பக்கம் போனால் வாங்கலாம் என்கிறார்களே? (வேலந்தாவளம்)

இல்லைங்க. 2019-ல் வந்தது மத்தியச் சட்டம், செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒன்றுதான். தயாரிப்பது, இறக்குமதி, விற்பது, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் தனித் தண்டனை. பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவனைத் தேடுங்கள்.

நானே சிகரெட் பிடிக்கிறேன். எந்த முகத்தோடு மகனிடம் பேசுவேன் மேடம்? (மீனாட்சிபுரம்)

அண்ணா, உங்களைவிடப் பொருத்தமான ஆள் அவனுக்குக் கிடைக்கமாட்டார். எத்தனை தடவை விட முயன்றீர்கள், மூன்றாம் நாள் என்ன ஆனது என்று சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். முடிந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் நிறுத்துங்கள்.

விட வேண்டும் என்றுதான் இருக்கிறேன், இரண்டு நாளில் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிறது. வீட்டில் சொல்ல முடியாது. (பிளஸ் ஒன்)

கண்ணு, முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கஷ்டம். கோபம், தூக்கமின்மை, மனசு நிலைகொள்ளாதது எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பி. கருவியை ஒளித்து வைக்காதே, கையை விட்டே போகட்டும். ஆசை எழுந்தால் சில நிமிஷத்தில் தணியும், அதுவரை எழுந்து நட, தண்ணீர் குடி. நிக்கோட்டின் சூயிங்கம்மை நீயாக வாங்காதே, உன் வயதுக்கு டாக்டர் சொன்னால்தான்.

புகையிலை நிறுத்த உதவிக்கு 1800-11-2356, மனசு சரியில்லை என்றால் டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். கேரளக் கலால் துறையின் விமுக்தி போதை மீட்பு மையங்களும் மாவட்டந்தோறும் இருக்கின்றன. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் பள்ளி ஆலோசகரிடம் சொல், கூட வருவார். வீட்டில் எப்போது, யாரிடம் சொல்வது என்பதையும் அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.