தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை?

அன்புள்ள ஐயா,

என் தாய்மாமா மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். 1987இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். தமிழ் தெரிந்தவர் என்பதால், சோதனைச் சாவடியில் சனங்களை விசாரிக்க அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. இந்த ஆண்டு எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடையில் அதிர்வேட்டு போட்டபோது, பக்கத்தில் நின்ற பிள்ளையைத் தரையில் தள்ளி அதன்மேல் குப்புற விழுந்துவிட்டார். பிள்ளைக்கு உதடு கிழிந்தது. "பட்டாளத்தான் குடிச்சிட்டு ஆடுதான்" என்கிறது ஊர். அன்று அவர் குடித்திருக்கவில்லை. ஆனால் மற்ற நாட்களில் குடிப்பார்; அத்தையை அடித்ததும் உண்டு. போரைக் காரணம் காட்டி இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

வாசகர் ஒருவர்,
சேரன்மகாதேவி

அன்புள்ள நண்பருக்கு,

கொடையில் நடந்ததையும் வீட்டில் நடப்பதையும் ஊர் ஒரே கணக்கில் எழுதுகிறது. நீங்களும் அப்படி எழுத வேண்டாம். குண்டு விழும் இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த உடம்பு, சத்தம் கேட்ட கணத்தில் யோசிக்காமல் தரையில் விழப் பழகிவிடுகிறது. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. கிழிந்த உதட்டைப் பார்த்தவர்கள், அவர் அந்தப் பிள்ளையைத் தன் உடம்பால் மூடிக் கிடந்தார் என்பதைப் பார்க்கவில்லை.

இந்தக் குருட்டுத்தனம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. முதல் உலகப்போரில் கைகால் நடுங்கி, பேச்சிழந்து திரும்பிய வீரர்களைப் பற்றி மருத்துவர்கள் 1915லேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அப்படியிருந்தும் களத்தை விட்டு ஓடியவர், கோழை என்றெல்லாம் குற்றம்சாட்டி பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்களையே சுட்டுக்கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. புறநானூற்றுத் தாயும், மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டதும் வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டியவள்தானே. வீட்டிலிருப்பவர்கள் வீரனிடம் எதிர்பார்த்தது மார்பில் பட்ட புண்ணை மட்டுமே. மனத்தில் பட்டதற்கு அவர்களிடம் இடமில்லை.

உங்கள் மாமாவின் விஷயத்தில் என்னை அதிகம் வருத்துவது அந்தச் சாவடிதான். உடனிருந்த வடநாட்டுச் சிப்பாய்க்கு வெறும் அழுகைச் சத்தமாகக் கேட்டது, அவருக்கு "ஐயா, என்ர பிள்ளையை விடுங்கோ" என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டிருக்கும். சாவுக்குப் பயந்ததால் வரும் புண் ஒன்று. தான் செய்ததாலோ, தடுக்காமல் நின்றதாலோ வரும் புண் இன்னொன்று. இரண்டாவதைக் கொண்டவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, கார்கிலில் போரிட்டவர்களுக்கு அதே தமிழ்நாடு மாலை போட்டது. முதலாவதில் ஈழத்தமிழரின் துயரத்துக்கு மதிப்பளிக்கும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் இரண்டு முறையும் சிப்பாயிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அதற்காக, அவர் பட்ட பாடு எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 1987 அக்டோபர் 21 அன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய், சிப்பாய்களும் பாவம், தூக்கம் வராமல் தவிக்கிறார்கள் என்று சொல்ல நமக்கு வாயில்லை. மன்னிப்பதும் மறுப்பதும் அவர்களுடைய உரிமை. அதுபோலவே, வீட்டில் விழுந்த அடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அத்தை. ஊருமல்ல, நீங்களுமல்ல, நானுமல்ல. தூங்காத இரவுகளையும் சட்டென்று வரும் கோபத்தையும் போர் கொடுத்திருக்கலாம். அதே போரிலிருந்து திரும்பி, மனைவிமேல் கை வைக்காதவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே பொறுத்துக்கொள்ளச் சொல்லி அத்தையிடம் யாரும் பேச வேண்டாம். அவர் விரும்பினால் சில மாதங்கள் உங்கள் வீட்டில் வந்து இருக்கட்டும். மாமாவைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள். 1980லேயே மருத்துவ உலகம் பி.டி.எஸ்.டி. (PTSD) என்று முறையாகப் பெயரிட்டு ஏற்றுக்கொண்ட நோய் இது. மருந்தும், பயிற்சி பெற்றவரிடம் பேசுவதும் பலருக்குப் பலன் தந்திருக்கின்றன. பட்டாளக் கேண்டீனில் வாங்கும் மது பாட்டில் அவரை உறங்க வைப்பதுபோலத் தோன்றும். நடுச்சாமத்தில் எழுப்பிவிடுவதும் அதுதான். அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றி அவரிடம் நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். அவரே பேச ஆரம்பித்தால் நடுவில் ஆறுதல் சொல்லி நிறுத்திவிடாமல் முழுவதையும் கேளுங்கள்.