மால்டாவில் தோழியின் திருமணம்: மீதி நாட்களில் என்ன செய்யலாம்?

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரம், சனிக்கிழமை மாலை, மால்டாவில் என் தோழிக்குத் திருமணம். மாப்பிள்ளை அந்த நாட்டவர். நான், கணவர், எழுபதை நெருங்கும் மாமனார் மாமியார், ஒன்பதும் நான்கும் வயதான இரண்டு பிள்ளைகள். ஐந்து நாள் தங்குகிறோம். ஊரிலிருந்து இன்னும் சில குடும்பங்களும் வருகின்றன. எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: சில ஆண்டுகளாக ஸ்லீமாவில் வசிக்கிறேன். யாருடைய திருமணத்துக்கோ வந்து இறங்கும் நம்மவர்களைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு எப்படியோ என் தலையில்தான் விழுகிறது. அந்த உரிமையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேன் பிடித்து எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்த நாட்டின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. காலையில் ஆளுக்கொரு பக்கம் போனாலும் மாலைக்குள் எல்லாரும் விடுதிக்குத் திரும்பிவிடலாம். முப்பது பேர் ஒரே வண்டியில் போனால், யாரோ ஒருவர் கழிப்பறையிலிருந்து வருவதற்காக மற்ற இருபத்தொன்பது பேர் வெயிலில் நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

அடுத்தது, இன்றே செய்ய வேண்டிய வேலை. பவோலா ஊரில் ஹால் சஃப்லீனி ஹைப்போஜியம் என்ற நிலத்தடிக் கல்லறை வளாகம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக அமைத்தது; ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது தற்செயலாக வெளிப்பட்டது. மனிதர்களின் மூச்சுக்காற்றே உள்ளிருக்கும் சிவப்பு ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு நேரத்துக்குப் பத்துப் பேரை மட்டும் அனுப்புகிறார்கள். கோடையில் டிக்கெட் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே உங்கள் சின்னப் பிள்ளையோடு ஒருவர் வெளியே தங்க வேண்டும். அவருக்குப் பொழுது போகாதோ என்ற கவலை வேண்டாம். பக்கத்திலேயே, நடக்கும் தூரத்தில், தர்ஷீன் கற்கோயில்கள் இருக்கின்றன. சுழி செதுக்கிய கற்களுக்கு நடுவே பிள்ளை ஓடியாடலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டால் போதும். மற்றதையெல்லாம் வந்த பிறகு காற்றையும் வெயிலையும் பார்த்து முடிவு செய்யலாம்.

தலைநகர் வலெட்டாவுக்கு எத்தனை நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களோ அதை இரண்டு மடங்காக்குங்கள். அரை நாளில் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். 1565இல் ஒட்டோமான் படை இந்தத் தீவை முற்றுகையிட்டது. அப்போது வலெட்டா என்ற ஊரே இல்லை, மொட்டைக் குன்றுதான். புனித யோவான் மரபு என்ற கிறித்தவத் துறவற வீரர் அமைப்பினர் எதிர்க்கரையில் பிர்கு, செங்லியா ஊர்களில் இருந்துகொண்டு தாக்குப்பிடித்தார்கள். முற்றுகை முறிந்த மறு ஆண்டே அவர்களின் தலைவர் லா வலெட் அந்தக் குன்றில் புது நகருக்கு அடிக்கல் நாட்டினார். மேல் பரக்கா பூங்காவின் விளிம்பில் நின்றால் இந்தக் கதை முழுவதும் துறைமுகத்தின் இரு கரைகளிலும் கண்முன் கிடக்கும். பகல் பன்னிரண்டுக்கும் மாலை நான்குக்கும் கீழே உள்ள மேடையில் பீரங்கி வெடிப்பார்கள். ஒன்பது வயதுக்காரனோ காரியோ, அதைத் தவறவிடக் கூடாது. நான்கு வயதின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

புனித யோவான் இணைப் பேராலயத்தின் தரை முழுவதும் வண்ணப் பளிங்கில் இழைத்த கல்லறைப் பலகைகள். அதனால் குதிகால் கூரான செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். தோளும் மூடியிருக்க வேண்டும். சேலை கட்டிப் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது, கவனம். உள்ளே ஒரு பக்க அறையில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த 'திருமுழுக்கு யோவானின் தலை துண்டிப்பு' இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இது. அந்தக் கையெழுத்தையும் யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்தில் இட்டிருக்கிறார். ரோமில் கொலைப் பழியோடு ஓடிவந்தவர், இங்கே அந்த மரபின் வீரர் பட்டம் வாங்கினார், சில வாரங்களிலேயே ஒரு சண்டையில் சிக்கிச் சிறைப்பட்டார், செயின்ட் ஏஞ்சலோ கோட்டையிலிருந்து தப்பியும் விட்டார். அவரை மரபிலிருந்து நீக்கும் சடங்கை அதே அறையில், அவர் வரைந்த அதே ஓவியத்தின் முன்னால் நடத்தினார்கள். உங்கள் மாமனாருக்கு ஓவியத்தில் நாட்டமில்லை என்றாலும் இந்தக் கதையைச் சொல்லி அழைத்துப் போங்கள். பத்து நிமிடமாவது அசையாமல் நிற்பார்.

வலெட்டாவின் தெருக்கள் நேர்கோட்டில் கடலைப் பார்த்து இறங்கும். பாதி தெருக்கள் படிக்கட்டுகள். தேய்ந்த கல் வழுக்கவும் செய்யும். முழங்கால் வலி உள்ளவர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து குடியரசுத் தெரு வழியாகவே நடத்திச் செல்லுங்கள், அது ஏறக்குறைய சமதளம். துறைமுகத்துக்கு இறங்க மேல் பரக்காவிலிருந்து லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டில் இறங்கியதும் சிறு மரப்படகுகள் நிற்கும். சில யூரோ கொடுத்தால் துறைமுகத்தைக் கடந்து பிர்குவில் விடுவார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் இப்படிக் கடந்து, பிர்குவின் சந்துகளில் ஒரு சுற்று நடந்து, கரையோரம் உட்கார்ந்து இரவுணவு முடித்துவிட்டுத் திரும்புவது, என் கணக்கில், மால்டாவில் குறைந்த செலவில் கிடைக்கும் மிக நல்ல மாலை. திருமணத்துக்கு முந்தின நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். உடம்பும் களைக்காது, முகமும் கருக்காது.

இம்தீனா, பழைய தலைநகர். மதிலுக்குள் வெளியார் வண்டிகள் நுழைய முடியாது. பகலில் சுற்றுலாக் கூட்டம் நெரிக்கும், மாலை ஆறுக்கு மேல் போங்கள். ஒரு மணி நேரம் தாராளம். வழியில் மொஸ்தா தேவாலயத்தில் இறங்கலாம்: இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரலில் ஒரு குண்டு குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு, உள்ளே மக்கள் கூடியிருந்தபோது விழுந்து, வெடிக்காமல் உருண்டது. மாமியார் கட்டாயம் கும்பிட்டுவிட்டு வருவார்.

இப்போது எதை விடலாம் என்பதற்கு வருகிறேன். எல்லா விளம்பரப் படங்களிலும் வரும் நீல நீர், கொமினோ தீவின் புளூ லகூன். தண்ணீர் உண்மையிலேயே அந்த நிறம்தான், பொய்யில்லை. ஆனால் நிழல் கிடையாது, மணல் கையளவு, படகுகள் வரிசையாக வந்து ஆட்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நெரிசல் தாங்காமல் 2025 முதல் முன்பதிவு செய்து வரச் சொல்லிவிட்டார்கள். முதியவர்களையும் நான்கு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அங்கே ஒரு பகல் முழுவதும் வதங்குவதைவிட மெல்லீஹாவின் கதீரா கடற்கரைக்குப் போகலாம். மணல், வெகுதூரம் வரை முழங்கால் அளவுத் தண்ணீர், கடலை ஒட்டியே பேருந்து நிறுத்தம். செப்டம்பர் கடைசியில் கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், கோடை முழுவதும் வாங்கிய சூடு அதற்குள் இறங்கிவிடாது. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் மட்டும் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெல்லி மீன் கரை ஒதுங்கும் நாட்களும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் நீரில் இறங்காமல் நிற்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கொமினோவுக்குச் செலவழிக்க நினைத்த நாளைப் பக்கத்துத் தீவான கோசோவுக்குக் கொடுங்கள். சிர்கெவ்வா துறையிலிருந்து கப்பலில் இருபத்தைந்து நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் கட்டணம். இறங்கியதும் முதலில் ஷாரா ஊரின் ஜிகாண்டியா கோயில்கள். கி.மு. 3600 வாக்கில் எழுந்தவை, எகிப்தின் பிரமிடுகளுக்கு ஆயிரம் ஆண்டு மூத்தவை. உலோகக் கருவி அறியாத மக்கள் அந்தப் பாறைகளை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்று யோசித்துப் பார்த்த ஊரார், ஓர் அரக்கி கட்டினாள் என்று கதை செய்துவிட்டார்கள். அவள் தேனும் அகன்ற அவரையும் மட்டுமே தின்றாளாம், தோளில் பிள்ளையைச் சுமந்தபடியே கல் சுமந்தாளாம். உங்கள் நான்கு வயதுக்கு இந்தக் கதையே போதும்.

பிறகு விக்டோரியா நகரின் கோட்டை மதில்மேல் ஒரு சுற்று. தீவு முழுவதும் தெரியும். அங்கிருந்து மேற்கே துவெய்ரா. அங்கே கடலுக்குள் நின்ற பெரிய கல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. பழைய அஞ்சலட்டைகளில் அதைப் பார்த்துவிட்டு வந்து எங்கே எங்கே என்று தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வளைவு போனாலும் இடம் போகவில்லை. உள்கடல் என்ற குட்டையிலிருந்து சிறு படகில் ஏறினால் பாறைக்குள் உள்ள சுரங்க வழியே திறந்த கடலுக்குக் கொண்டுபோவார்கள். அலை இருந்தால் படகு ஓடாது. திரும்பும் வழியில் ஷ்வெய்னி உப்புப் பாத்திகள். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வீட்டு முற்றம் அளவுதான். ஆனால் மண்ணில் கட்டாமல் கரைப் பாறையிலேயே சதுரம் சதுரமாக வெட்டியிருப்பதால் நின்று பார்க்கத் தோன்றும்.

சாப்பாடு. பஸ்டீட்ஸி என்ற அடுக்கடுக்கான பஃப்ஸ் மாதிரி ஒன்று தெருவுக்குத் தெரு கிடைக்கும். அடுப்பில் சுட்டதுதான், எண்ணெயில் பொரித்ததில்லை. உள்ளே பாலாடைக்கட்டியோ பட்டாணியோ இருக்கும். காய்கறி வைத்ததுதானே என்று சைவர்கள் வாங்கிவிடுவார்கள். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு, ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அகன்ற அவரையை மசித்துப் பூண்டு சேர்த்த பிஜில்லா, கத்தரிக்காயும் தக்காளியும் வதக்கிய கபுனாட்டா இரண்டும் துணிந்து சாப்பிடலாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நீங்கள் வரும் மாதம் நல்ல மாதம், லம்பூகி மீன் காலம். மீனவர்கள் பனை இன மரங்களின் ஓலையைக் கட்டி மிதவையாகக் கடலில் விடுவார்கள்; நிழல் தேடி அதன் அடியில் சேரும் மீனைச் சுற்றி வலை போடுவார்கள். முயல் கறி இங்கே பெருமைக்குரிய உணவு. உங்கள் பிள்ளைகளுக்கு அது என்ன கறி என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். வேலி ஓரமெல்லாம் சப்பாத்திக்கள்ளிப் பழம் பழுத்துத் தொங்கும். பறிக்க வேண்டாம், கடையில் முள் நீக்கி விற்பதை வாங்குங்கள்.

திருமணத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. இங்கே வரவேற்பில் பெரும்பாலும் பந்தி கிடையாது. விருந்தினர்கள் தோட்டத்தில் நின்றபடியே பேசிக்கொண்டிருக்க, சிறு சிறு பலகாரங்கள் தட்டில் சுற்றி வரும். நள்ளிரவு வரைகூட நீளும். மாமனார் மாமியாருக்கு நாற்காலி ஒதுக்கச் சொல்லித் தோழியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பிள்ளைகளுக்கு விடுதியிலேயே வயிறு நிறையக் கொடுத்து அழைத்துப் போங்கள்.

மறுநாள் ஞாயிறு எல்லாரும் தாமதமாகத்தான் எழுவீர்கள். எழுந்ததும் மார்சஷ்லொக் மீன்சந்தைக்குப் போகலாம். மீன்கள் காலையிலேயே தீர்ந்துவிடும், ஆனால் முகப்பில் கண் வரைந்த நீல மஞ்சள் படகுகள் நாள் முழுவதும் அங்கேதான் நிற்கும். பிள்ளைகள் முரண்டு பிடித்தால் ஹால் ஃபாருக்கு அழைத்துப் போங்கள். கைக்கடக்கமான பிளேமொபில் பொம்மைகள் உலகெங்கும் போவது அங்குள்ள தொழிற்சாலையிலிருந்துதான். அதை ஒட்டி விளையாட்டுக்கூடமும் இருக்கிறது. உங்களோடு வரும் இளையவர்கள் சிசிலி போக ஆசைப்படலாம். வலெட்டாவிலிருந்து விரைவுக் கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குள் சிசிலியின் போட்ஸாலோ துறைமுகம் வந்துவிடும். ஷெங்கன் விசாவே போதும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் திருமணத்துக்கு முன்னால் அனுப்பாதீர்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும், மாலையில் மணப்பெண்ணின் தோழிகள் மறுகரையில் இருப்பார்கள்.

கார் வேண்டாம். நம் ஊர் போல இடப்பக்க ஓட்டம்தான், ஓட்டுவதில் சிரமமில்லை. நிறுத்த இடம் கிடைப்பதுதான் சிரமம். பேருந்து எல்லா ஊருக்கும் போகிறது, ஒரு டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் வண்டி மாறி மாறிப் பயணம் செய்யலாம். நிறைந்துவிட்டால் நிறுத்தாமல் போய்விடும் என்பதால், திருமண மாலைக்கு மட்டும் டாக்சி சொல்லிவிடுங்கள். சுவரில் பிரிட்டன் பாணி மூன்று தட்டை முள் பிளக்தான் பொருந்தும். ஆறு பேருக்கு ஒரு அடாப்டரோடு வராதீர்கள்.