ஒதுக்கிவைப்பதைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு சக ஊழியரைப் பற்றிப் பேசும்போது ‘அவரைக் கவென்ட்ரிக்கு அனுப்பிவிட்டார்கள்’ என்றார் எங்கள் லண்டன் மேலாளர். ஆனால் அவர் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். புரியவில்லையே?

பதில்: கவென்ட்ரி, பர்மிங்காமுக்கு அருகில் உள்ள நகரம். அங்கே யாரையும் அனுப்புவதில்லை. எல்லோரும் சேர்ந்துகொண்டு ஒருவரோடு பேச்சை நிறுத்திவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போனவர்களை பிரிட்டிஷ் தொழிலாளர்கள் இப்படித் தண்டித்ததுண்டு. 1640களில் இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டுப் போரில் பிடிபட்ட அரசர் தரப்பினரைக் கவென்ட்ரிக்கு அனுப்பினார்கள், நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற ஊர்மக்கள் அவர்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. கைதிகளை அனுப்பியது உண்மை. ஆனால் இந்தப் பொருளில் தொடர் எழுத்தில் வருவது நூறு ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான். அதனால் இதை நம்பத்தகுந்த கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சக ஊழியரிடம் நீங்களாவது போய்ப் பேசுங்கள்.

கேள்வி: ‘பாய்காட்’ ஓர் ஆளின் பெயராமே?

பதில்: ஆமாம், இதற்கு நாள் தேதியோடு சான்று இருக்கிறது. சார்லஸ் கன்னிங்காம் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். 1880இல் விளைச்சல் மோசம், குத்தகையைக் குறைக்கக் கேட்டார்கள் விவசாயிகள். கேட்ட அளவுக்குக் குறைக்காமல், வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்தார் அவர். அந்த செப்டம்பர் 19 அன்று எனிஸ் என்ற ஊரில் பேசிய ஐரிஷ் தேசியவாதத் தலைவர் பார்னெல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்கிறவனை அடிக்க வேண்டாம், தெருவிலும் கடையிலும் தேவாலயத்திலும் அவனோடு சேராமல் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்றார். அந்த ஆயுதத்தை மேயோ மக்கள் ஏஜென்ட் மீதே திருப்பினார்கள். அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. கடைசியில் வடக்கிலிருந்து சுமார் 50 பேரை வரவழைத்து, ஏறக்குறைய ஆயிரம் படைவீரர்களையும் போலீசாரையும் காவலுக்கு நிறுத்தி அறுவடை செய்தார்கள். பயிரின் மதிப்பு சுமார் 500 பவுண்டு, அதைக் காப்பாற்ற ஆன செலவு 10,000 பவுண்டு என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பினார். அதற்குள் அவர் பெயர் பத்திரிகைகளில் வினைச்சொல்லாகிவிட்டது.

இந்தத் தொடர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. பொதுவாக வலுத்தவர்கள்தான் இளைத்தவர்களை ஒதுக்கிவைப்பார்கள். இங்கே கையில் எதுவும் இல்லாத குத்தகைக்காரர்கள் அதைச் செய்து ஜெயித்தார்கள்.

கேள்வி: வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறி வைத்ததால்தான் ‘கோல்ட் ஷோல்டர்’ (குளிர்ந்த தோள்) என்ற தொடர் வந்ததா?

பதில்: இல்லை. 1816இல் வால்டர் ஸ்காட் தன் நாவலில் ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கில் எழுதியதுதான் பரவியது. அங்கே சாப்பாடே கிடையாது. முகம் கொடுக்காமல் தோளைத் திருப்பிக்கொள்வதுதான் பொருள்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். ‘பரையா ஸ்டேட்’ என்று செய்திகளில் வருகிறது. இது நம்மிடமிருந்து போன சொல்தானே? எப்படி மொழிபெயர்ப்பது?

பதில்: நம்மிடமிருந்து போனதுதான். பறையர் என்ற சமூகப் பெயரைக் கேட்டு எழுதிய ஐரோப்பியர்கள், முதலில் அதை ஒடுக்கப்பட்ட சாதியினர் எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். பிறகு யார் ஒதுக்கப்பட்டாலும் அந்தப் பெயரை ஒட்டினார்கள். உயிரோடு இருக்கும் ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர் உலகம் முழுக்க வசையாகப் புழங்குவது கொடுமை. அதே பெயரைத் தலைநிமிர்ந்து சூட்டி 1893இல் சென்னையில் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கி உரிமை கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தச் சொல்லை ஆங்கிலத்தில்கூட என்னால் எழுத முடிவதில்லை. தமிழில் ‘உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு’ என்று எழுதுங்கள், போதும்.

கேள்வி: என் பழைய இணையத் திட்டம் ‘கிராண்ட்ஃபாதர்டு’, விலை ஏறாது என்கிறார்கள். தாத்தாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: உங்களுக்குச் சலுகை. ஆனால் அந்தச் சொல் பிறந்தது, கறுப்பின மக்களின் ஓட்டைப் பறிக்க. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் ஓட்டுப்போட எழுத்தறிவுத் தேர்வும் சொத்துத் தகுதியும் வைத்தன. ஏழை வெள்ளையர்களும் அதில் அடிபடுவார்களே? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1898இல் லூசியானா, 1867 ஜனவரி 1 அன்று ஓட்டுரிமை பெற்றிருந்தவருக்கும் அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் விலக்கு கொடுத்தது. அந்தத் தேதியில் அங்கே கறுப்பினத்தவருக்கு ஓட்டே கிடையாது. இனத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதாமலே காரியம் முடிந்தது. ஓக்லஹோமாவும் இதே பாணியில் சட்டம் போட்டது, 1915இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே ஓக்லஹோமா, 1914இல் ஓட்டுப்போட்டவர்களைத் தானாகப் பட்டியலில் சேர்த்துவிட்டு, மற்றவர்கள் பதிவுசெய்ய 12 நாள் மட்டும் அவகாசம் கொடுத்தது. அதுவும் செல்லாது என்று தீர்ப்பு வர 1939 ஆயிற்று.