நைட்ரஜன் அதிகம் என்பது விண்மீன் பிறந்த வாயுவின் அடையாளம் அல்ல

பால்வீதியின் மையத்தில் கம்பிபோல் நீண்டிருக்கும் விண்மீன் பட்டையின் முனையருகே உள்ள ஸ்கூட்டம் பகுதி விண்மீன் கொத்துகளின் சிவப்பு மீப்பெரு விண்மீன்களில் நைட்ரஜன் கூடி, கார்பன் குறைந்து வருகிறது. பால்வீதியின் உட்பகுதி வாயுவே அப்படித்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது விண்மீன் தானே செய்துகொண்ட மாற்றம். மையத்தில் ஹைட்ரஜன் எரியும்போது இந்த மூன்று தனிமங்களின் துணையோடு ஹைட்ரஜனை ஹீலியமாக்கும் கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சி ஓடுகிறது. அதில் நைட்ரஜன்-14 புரோட்டானைப் பிடிக்கும் படிதான் மிக மெதுவானது. அதனால் கார்பன் தேய்ந்து நைட்ரஜன் குவிகிறது. அப்புறம் வெப்பச்சலனம் அதை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. மூன்றின் அணு எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள், மொத்தம் கிட்டத்தட்ட மாறியிருக்காது.

விண்மீன் பிறந்த வாயுவை அறிய இரும்பு, மக்னீசியம், சிலிக்கான், டைட்டானியம் ஆகியவற்றின் நிறமாலைக் கோடுகளையே நம்புங்கள். இரும்பு சூரியனைவிடச் சற்றுக் குறைவாக வந்தாலும் உடனே பிழை என்று தள்ளிவிட வேண்டாம். பால்வீதியின் உள்ளே போகப் போக உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) கூடும் என்ற சரிவு, ஒரு கிலோபார்செக்குக்கு (சுமார் 3,260 ஒளியாண்டு) சுமார் 0.06 டெக்ஸ் (பத்தடிமான மடக்கை அலகு, அதாவது ஏறக்குறைய 15 சதவீதம்), மையப் பட்டையின் முனைவரை அப்படியே நீள்வதில்லை. 2009இல் வெளியான அளவீடுகளும் அங்கே சூரியனைவிடக் குறைவாகத்தான் காட்டின. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த புதிரே இதுதான்.

ஜே அலைவரிசை (சுமார் 1.2 மைக்ரான் அகச்சிவப்பு) நிறமாலை என்றால், விண்மீன் வளிமண்டலத்து அணுக்கள் வெப்பச் சமநிலையிலிருந்து விலகியிருப்பதற்கான திருத்தத்தை விட்டுவிடாதீர்கள், குறிப்பாக டைட்டானியத்துக்கு.